சிவப்புப் புள்ளி

தேவகோட்டை சார்பு நீதிமன்றம் எனக்குக் கொடுத்தது
ஒரு நாள், ஒரு வாரண்டு,
பள்ளத்தூரில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு.
பாகப்பிரிவினை வழக்கு.
உள்ளதை உள்ளபடி படமெடுத்து
ஆணையர் அறிக்கையோடு இணைக்க வேண்டும்:
கதவு, தூண், பூட்டு, விரிசல்,
மொத்தம் இருநூற்றுப் பதினாறு.

சித்திரை வெயிலில் என் கைபேசி
காரைக்குடி வரும் முன்பே செத்துவிட்டது.
சவரிமுத்து ஸ்டுடியோவில் வாடகைக்குக் கிடைத்த கேமராவுக்கு
ஒரு வியாதி.
ஒரு படம் எடுத்தால்
அதன் முதுகில் சிவப்புப் புள்ளியொன்று துடிக்கும்.
அடங்க நாற்பது விநாடி.
அதுவரை எத்தனை அமுக்கினாலும்
கல்.

பெருக்கிப் பார்த்தேன்.
இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம்
சும்மா நிற்க வேண்டும்.
பேருந்துக்கு நிற்கும்போதும்
வழக்குக் கட்டைப் புரட்டுகிறவள் நான்.

பத்துக் கதவுகளைப் பல்லைக் கடித்தபடி கடந்தேன்.
வாதி தரப்பு சோலையப்பன் ஒரு மூலையில்,
பிரதிவாதி தரப்பு உமையாள் எதிர்மூலையில்,
நான் எங்கே ஒரு அடி கூட்டிக் காட்டுகிறேன் என்று
இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

பதினோராவது கதவு.
பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால்
கதவைப் பார்த்தேன்.
நிலையின் மேல்சட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்கு
கறுத்த எண்ணெய்க் கறை.
குனிய மறந்த தலைகள் எல்லாம்
ஒரு துளி விட்டுப் போயிருக்கின்றன.
அப்புறம் பார்த்தால் எல்லாக் கதவிலும்.
ஐந்தாம் பங்கில் மட்டும் இல்லை.
குள்ளமானவர்களோ,
மறக்காதவர்களோ.

"இந்த வளவுல பதினாறு புள்ளி இருந்துச்சு வக்கீலம்மா"
சாவிக்கொத்தை மாற்றிப் பிடித்துச் சொன்னார் சேவுகன்.
இந்தப் பக்கம் புள்ளி என்றால் ஒரு குடும்பம்,
கல்யாணமானதும் கோயில் கணக்கில் ஏறுகிற இருவர்.
என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று,
எரிந்து அணைந்து எரிந்து.

நான்காம் பங்கின் தரையில் கிடந்த
வெயில் சதுரம்
மூன்று மணிக்கு ஐந்தாம் பங்கில் கால் வைத்தது.
யாரும் தடையாணை கேட்கவில்லை.
அதை எப்படியாவது எழுத வேண்டும் போலிருந்தது.
வாரண்டு நகலின் பின்பக்கம் எழுதினேன்.
பள்ளிக்கூடத்துக்குப் பிறகு
யாரும் கேட்காமல் நான் எழுதிய முதல் வரி.
கையெழுத்தே வேறு யாருடையதோ போல.

ஐந்தரைக்கு வெளிச்சம் போனபோது
எடுத்திருந்தது அறுபத்திரண்டு.
கணக்கு உதைத்தது. நாற்பது விநாடியாம்!
புள்ளி அணைந்த பிறகும்
நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

கூடுதல் அவகாசம் கேட்டு மனுப் போட்டேன்,
காரணம்: கருவிக் கோளாறு.
பொய்தான். முழுப் பொய் இல்லை.

இடைக்கால அறிக்கையில் எண்ணெய்க் கறை,
ஈரம் ஊறிய சுவரில் பூட்டின் துருவால் இறங்கிய நாக்கு,
வெயில் சதுரத்தின் நீள அகலம் மணிவாரியாக.
இரு தரப்பும் ஆட்சேபித்தது,
இந்த வழக்கில் முதன்முறை ஒரே குரலில்.
நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்,
பதினான்கு வரிகளைக் கோடு போட்டு அடித்தார்.
நிதானமாகத்தான் அடித்தார்,
வாசித்து வாசித்து.

அடித்த வரிகளை என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
அவற்றுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

படம் அறுபத்திரண்டு மட்டும் தப்பியது.
புள்ளி துடிக்கிறது என்று நினைத்து
சும்மா விரலை வைத்தபோது விழுந்தது.
மேற்குச் சுவர். அதில் இரண்டு நிழல்கள்,
அலுத்துப்போய் உட்கார்ந்தவை,
ஒரே தண்ணீர்ச் செம்பை நோக்கி நீண்ட கைகள்.
கீழே எழுதியிருந்தேன்:
யாருடையவை எனத் தெரியவில்லை.

ஆட்சேபணை இல்லை, என்றார் ஒரு வக்கீல்.
மற்றவரும் எழுந்தார்.
ஆட்சேபணை இல்லை.