வால்வு சாவி

குடியாத்தத்தில் எங்கள் வார்டில் யார் ஜெயித்தார் என்று
எனக்கு மைக் சொல்ல வேண்டியதில்லை.
பதவியேற்ற மறுநாள் விடிகாலை நாலரைக்கு
எந்தத் தெருவை முதலில் திறக்கச் சொல்கிறார்கள்,
அவ்வளவுதான்.

எண்பத்தாறில் ஏகாம்பரம்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசம்.
பாவடித் தெருவுக்கு முதல் தண்ணீர்,
தீப்பெட்டி லைனுக்குக் கடைசி.
கடைசி என்றால்
குழாய் ஒரு பெருமூச்சு விட்டு நிற்குமே, அது.

அப்புறம் சில வருஷம் தேர்தலே இல்லை.
தனி அலுவலர் பச்சை மையில் ஓர் அட்டவணை அனுப்பினார்.
தெருக்கள் அகர வரிசையில் நனைந்தன.
த முன்னால், ப பின்னால்.
தீப்பெட்டி லைனுக்கு ஒழுங்காகத் தண்ணீர் வந்தது
அந்த வருஷங்களில்தான்.
வெளியே சொன்னால் அடிப்பார்கள்.

தொண்ணூற்றாறில் பெண்கள் வார்டு.
சுவரொட்டி நடுவில் முனிரத்தினம் கும்பிட்டபடி,
ஓரத்தில் நவநீதம், ரேஷன் கார்டு அளவில்.
ஜெயித்தது ஓரத்தில் இருந்தவர்.
போன் செய்தது நடுவில் இருந்தவர்.
ஒரே ஒருநாள் அந்தம்மா தனியாக வந்து
சாவியைக் கேட்டார்.
நெஞ்சளவு இரும்பு. அரைச் சுற்று சுற்றினார்.
பூமிக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.
"இவ்ளோதானா?"
வியப்பா ஏமாற்றமா,
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது அல்தாப் பாய், ஒன்பது ஓட்டில்.
அந்த ஒன்பதும் நாங்கதான் என்று
அறுபது பேர் வந்து நின்றார்கள்.

இரண்டாயிரத்து ஆறை மட்டும் மெதுவாகச் சொல்கிறேன்.
தீப்பெட்டி லைன் சம்பங்கி, சுயேச்சை, குழாய்ச் சின்னம்.
பகலில் குச்சி அடுக்கி, ராத்திரி வீடு வீடாகப் போனாள்.
அறுநூற்றுப் பதினொன்று.
எதிரே முனிரத்தினத்தின் மச்சான்.
அவனுக்கும் அறுநூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினார்கள். அதே.
எவர்சில்வர் சொம்பில் இரண்டு சீட்டு போட்டு
அதிகாரி குலுக்கினார்.
தண்ணீர் மொள்ளுகிற சொம்பு, அன்றைக்குக் காய்ந்து கிடந்தது.
வந்த பெயர் அவளுடையதில்லை.

ஓட்டுப் பதிவன்று சந்தைப்பேட்டை முக்கில் வால்வு உடைந்து
இடுப்பளவு குழியில் நின்றிருந்தேன்.
ஏறி வந்தபோது ஐந்தேகால்.
பள்ளிக்கூடக் கதவைச் சாத்திவிட்டார்கள்.
என் விரலில் மை இல்லை, சேறு இருந்தது.
போயிருந்தால் அவளுக்குத்தான் குத்தியிருப்பேன் என்று
சத்தியம் செய்ய ஆசை.
முனிரத்தினம் வீட்டிலிருந்து முந்தின ராத்திரி
ஒரு வேட்டி வந்திருந்தது.

பதினொன்றில் மெஷின். விரல் வைத்தால் கீச்சென்றது.
முனிரத்தினத்தின் மகன். எண்ணிக்கை மறந்துவிட்டது.
பதினாறில் சம்பங்கி மறுபடி டெபாசிட் கட்டினாள்.
கோர்ட்டில் நின்றுபோனது தேர்தல்.
மறுபடி தனி அலுவலர். இந்த முறை அட்டவணையும் இல்லை,
ஆற்றிலும் போரிலும் தண்ணீர் இல்லை.
எதை வரிசைப்படுத்துவது?
பத்தொன்பதில் சாவியை ஒப்படைத்துக்
கையெழுத்துப் போட்டு வந்தேன்.

இருபத்திரண்டில் வார்டைப் பிரித்தார்கள்.
கோடு என் வாசலுக்கும் அவள் தெருவுக்கும் நடுவே,
சாக்கடை மேலேயே போனது.
நானோ இப்போது நாள் முழுக்கச் சும்மா இருக்கிறவன்,
காலை ஏழு மணிக்கே முதல் ஆளாக
யாருக்கோ அழுத்திவிட்டு வந்தேன்.

எண்ணுகிற இடத்தில், தடுப்புக் கட்டைக்கு வெளியே
வெயிலில் அவளைப் பார்த்தேன்.
மைக் அவள் பெயரைச் சொன்னது: நாற்பத்து மூன்று.
சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எத்தினி மணிக்கு உடுவாங்க தண்ணி?"

"நான் இப்போ தொறக்கறதில்லம்மா."

"தெரியும்," என்றாள்.
"பழக்கத்துல கேட்டுட்டேன்."