பெஞ்சைச் சூடாக்கியவன்

சலமன்காவில் ஜனவரி வந்தால்
தோர்மேஸ் ஆறே பல் கிட்டிப்போய்க் கிடக்கும்.
விடியுமுன் நான் போய் உட்கார வேண்டும்,
சட்ட வகுப்பில், மூன்றாம் வரிசை, தூணை ஒட்டி.
அறுத்துப் போட்ட மரம். பெஞ்சு என்று பெயர்.
மணி அடித்ததும் தொன் பெல்ட்ரான் வருவார்.
நான் எழுவேன்.
என் சூட்டின்மேல் அவர் அமர்வார்.

ஏழு குளிர்காலம்.

பேராசிரியரைத் தேர்ந்தெடுக்க மாணவருக்கு வாக்குண்டு.
ரெக்டர்கூட அவர்களில் ஒருவர்தான்.
இரண்டு தரப்பிலும் ஒயினும் கோழியும் வாங்கித் தின்று
இரண்டு தரப்புக்கும் தலையாட்டினார் என் எசமானர்.
எனக்கு வாக்கில்லை, எலும்பு உண்டு.
ஆனால் லத்தீன் இருக்கிறதே,
அது குளிருக்கு ஒதுங்கிய பூனை;
கதவோரம் நின்றவன் காலையும் உரசிற்று.

தேர்வுக்கு முந்தின இரவு
சாந்தா பார்பரா சிற்றாலயத்தில் அவரை அடைத்தார்கள்.
செத்த ஆயரின் கல் பாதத்தில் கால் பதித்துப் படித்தால்
ஞானம் ஏறுமாம்.
வெளியே நான் சாயம் கலக்கினேன்:
காளை ரத்தம், ஆலிவ் எண்ணெய், ஒரு கை செங்காவி.
வென்றவர் பெயரைச் சுவரில் தீட்ட.

வென்றால் பெரிய வாசல், எக்காளம்.
தோற்றால் வண்டிகள் போகும் பின்வாசல்.
கோவேறு கழுதையோடு நான் நின்றது
பின்வாசலில்.
"உனக்கெப்படித் தெரியும்?" என்றார், முகத்தைத் தொங்கப்போட்டு.
பெஞ்சு சொன்னது என்றேன்.
தூங்குகிறவன் உடம்பு
பலகையை வேறு மாதிரி தேய்க்கும்.

சாயம் மீந்துவிட்டது. உறைவதற்குள்
லாயத்துச் சுவரில் வளைத்து வளைத்து எழுதினேன்:
வெற்றி, கனேலா.

கழுதையின் பெயர் அது.
ஒரு நாளும் அவள் வகுப்புக்குப் பிந்தியதில்லை.