கோப்பு நாற்பத்தொன்று

வடக்குக் கேலரி. மூன்றாம் நிமிடம், பன்னிரண்டாம் நொடி.
பாட்டு நின்றுவிடுகிறது.
அப்புறம் சொல் இல்லை,
பல்லிடுக்கில் காற்றை விடும் ஓசை மட்டும்.
ஸ்ஸ்ஸ்.
ஆயிரம் வாய்கள், ஒரு குழாய்.
எதிரணியை யூதர்கள் என்கிறார்கள்.
அன்று அந்த அணியில்
ஒரு யூதர்கூட ஆடவில்லை.

ஹெட்போனைக் கழற்றுகிறேன்.
கீழ்வீட்டுக் குக்கர் மூச்சுவிடுகிறது.
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன்,
பாளையங்கோட்டையில், சித்திரை மாதத்தில்.

என் பெயர் ஹெப்சிபா. தம்பி நெகேமியா.
எதிரே எஸ்றா டெய்லர்ஸ்.
பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கத்துவார்:
நாசரேத், நாசரேத், ஏறுங்க, உக்கார இடம் இருக்கு.

அந்த ஊரில் பேட்டிக்கு வந்த பையன்
ரொட்டிக் கடையில் வேலை பழகுகிறவன்,
எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கினான்.
பெயர் அட்டையைப் பார்த்தவன் நிமிர்ந்து,
நீங்க அவங்களா, என்றான்.
இல்லை என்றேன்.
சிரித்தான். அதெல்லாம் சும்மா, விளையாட்டுக்கு, என்றான்.
ஆய்வேட்டில் இருக்கிறது, பக்கம் நூற்றுப்பதினாறு.
எவ்வளவு வேகமாக இல்லை என்றேன் என்பது
எந்தப் பக்கத்திலும் இல்லை.

வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள்:
இதற்கு ஏன் அவ்வளவு தூரம்?
தூரத்தில் நின்றால் தெளிவாகத் தெரியும் என்றேன்.
கைதட்டினார்கள்.

போன ஞாயிறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம்
ஒரு கோடைக்கோப்பைப் பந்தாட்டம்.
என் மாணவன் முப்பிடாதி கோல்கீப்பர், அதனால் போனேன்.
இந்தப் பக்கத்து மணிக்கட்டுகளில் ஒரு கயிறு,
அந்தப் பக்கத்து மணிக்கட்டுகளில் வேறு கயிறு.
நிறங்களை எழுதமாட்டேன்;
இங்கே நிறம் சொன்னால் ஆள் சொன்ன மாதிரி.

அவன் பந்தை வைத்து நாலடி பின்வாங்கும்போதெல்லாம்
கோலுக்குப் பின்னால் இருந்தவர்கள்
நாக்கை மேலண்ணத்தில் தட்டித் தட்டி
வாயாலேயே ஒரு மேளம் அடித்தார்கள்.
சொல் இல்லை.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை,
கையுறையின் பட்டையை மட்டும் இறுக்கினான்,
ஏற்கெனவே இறுகியிருந்ததை.

பக்கத்தில் இருந்தவர் வறுகடலை நீட்டினார்.
டீச்சருக்குப் பேரு?
ஹெப்சிபா.
அது சரி. என்ன சபை?
சொன்னேன்.
அதுலயும் ரெண்டு கோயில் உண்டுல்லா. எந்தத் தெரு?
முருகன்குறிச்சியில் வாடகை வீடு என்றேன்.
அது வாடகை. சொந்த ஊரு?

எபிரேயம் அவருக்குப் போதவில்லை.

பழக்கதோஷம், பைக்குள் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
ராத்திரி போட்டுக் கேட்டேன்.
கடலைத் தோல் நொறுங்குகிறது.
சொந்த ஊரு? என்கிறது ஆண்குரல்.
அரை நொடிகூட இல்லை,
ஒரு பெண்குரல், தெளிவாக, நட்பாக,
என் ஊர் அல்லாத ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறது.
அப்படிச் சொல்லுங்க, என்கிறார் அவர். நம்ம பக்கம்தான்.

பின்னால் பந்து உதைபடுகிறது.
மேளம் நிற்கவில்லை.