வாயடைக்கும் தொழில்

குப்பிகளின் வாயை அடைப்பது எங்கள் தொழில்.
போர்ச்சுகலின் வடக்கே, இருபத்தாறு பேர்,
மரப்பட்டையை வேகவைத்து, துளைத்து
நாளுக்கு நாற்பதாயிரம் தக்கை.
கணக்கு எழுதுகிறவன் நான்.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில்
தரம் பிரிக்கும் தியோலிந்தா சொன்னாள்:
"உள்ளே விரிசல் விட்டது
விழும்போது வேறு மாதிரிச் சத்தம்.
மைக் ஒன்று வைத்தால் மெஷினே கேட்டுவிடும்."
முதலாளி அமதேவு சிரித்தார்.
கெட்ட சிரிப்பு இல்லை.
"தக்கை பாடவும் செய்யுமா?" என்றார்.
நாங்களும் சிரித்தோம். நானும்தான்.

அன்றைய உற்பத்தியில்
என் பேரேட்டில் ஏறாதவை
இருபத்தாறு தக்கை.

மூன்று வருடம்
கூட்டங்கள் பத்தே நிமிடத்தில் முடிந்தன.
"யாருக்காவது யோசனை?"
சுவர்க்கடிகாரம் பதில் சொல்லும்.
யோசனைப் பெட்டி ஒன்று மாட்டினார்.
வருடக் கடைசியில் திறந்தோம்:
இரண்டு மிட்டாய்த் தாள், ஒரு சட்டைப் பொத்தான்.
புதுமை என்ற தலைப்பில் நான் ஒதுக்கிய பணம்
சல்லிக்காசு குறையாமல் இருந்தது.

பிறகு ஒரு வைன் கம்பெனி
எண்பதாயிரம் தக்கையைத் திருப்பி அனுப்பியது.
எல்லாம் உள்விரிசல்.

மறுநாள் காலை
கவிழ்த்த கூடைமேல், தியோலிந்தாவின் பக்கத்தில்,
அமதேவு.
"எந்தச் சத்தம்?"
"ஞாபகம் இல்லை."
அடுத்த நாளும் வந்தார்,
போனை என் மேசையில் விட்டுவிட்டு.
"ஞாபகம் இல்லை."
நான்காம் நாள் ஒன்றை எடுத்துத் தகரத்தில் போட்டு
"இது நல்லது" என்றார்.
அவளால் பொறுக்க முடியவில்லை.
"இல்லை."
கத்தியால் பிளந்தார்.
மயிரிழை அளவு விரிசல்.
அதை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார்,
குழந்தை பிறந்த செய்தி சொல்கிறவர் போல.

தேவாலயப் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கிய மைக்
ஃபோர்க்லிஃப்ட் போனாலும் விரிசல் என்றது.
பத்தாம் நாள் தூசியில் செத்தது.
அவர்களுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தோம்.
அடுத்ததும் செத்தது.
நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
"என் பெயரில்."
அந்தப் பக்கத்தைப் பலகையில் ஒட்டவும் சொன்னார்.
ஒட்டினேன். கை கொஞ்சம் கூசியது.

இப்போது பத்து விரிசலில் ஏழைப் பிடிக்கிறது.
மீதி மூன்று அவள் காதுக்கு.
கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிடுகிறது.
பாய்லர் பார்க்கும் செவெரினோவுக்கு
வாரம் ஒரு யோசனை, பாதி பைத்தியக்காரத்தனம்.
நேற்று அவன் ஆவியை வைத்து ஏதோ சொல்ல
எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.
இருமலாக்கி
விழுங்கினேன்.