ஏழும் பதின்மூன்றும்

டொலிடோவில் பிப்ரவரி.
டோனட் கடைக்கு மேல்மாடியில் வக்கீல் ஆபீஸ்.
படியேறும்போதே சர்க்கரை காய்கிற வாசனை.

லொரெய்ன் பிலார்ஸ்கி, வயது ஐம்பத்தெட்டு,
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்,
மளிகைப் பையை மேசைமேல் கவிழ்த்தாள்.
ஐந்து கார்டு. பதினான்கு மாதத்துக் கடிதங்கள்.
பாதிக்குமேல் பிரிக்கவே இல்லை.
வக்கீல் ஆய்லர் ஒவ்வொன்றாகப் பிரித்தார்
மீனுக்குச் செதில் எடுக்கிறவர் மாதிரி,
முகத்தில் எதுவும் இல்லாமல்.

முப்பத்தோராயிரம் டாலர், சில்லறை தனி.
ஒரு கார்டு வீட்டை சூடாக்கும் ஃபர்னஸுக்கு.
ஒன்று கடைவாய்ப் பல் இரண்டுக்கு.
ஒன்று விவாகரத்துக்கு.
ஒன்று மற்ற மூன்றின் வட்டிக்கு.
ஐந்தாவது எதற்கென்று அவளுக்கு நினைவில்லை.
அதில்தான் அதிகம்.

தமிழில் இதற்கு மஞ்சள் கடுதாசி என்று பேர்.
இங்கே தாள் வெள்ளை.
நிறம் இல்லாததால் வெட்கம் குறையும் என்று
யாரோ நினைத்திருக்கலாம்.

"இரண்டு வழி உங்களுக்கு" என்றார் ஆய்லர்.
"சட்டத்தில் ஏழாம் அத்தியாயம், பதின்மூன்றாம் அத்தியாயம்.
ஏழில் நாலைந்து மாதம், கார்டு கடன் அழிந்துவிடும்.
சட்டம் விட்டுவைப்பது போக மிஞ்சும் சொத்து இருந்தால்
டிரஸ்டி விற்றுப் பங்கு போடுவார்.
பதின்மூன்றில் எல்லாம் உங்களிடமே இருக்கும்,
மாதாமாதம் கட்ட வேண்டும், உங்களுக்கு மூன்று வருடம்.
ஏழுக்கு வருமானம் குறைவாக இருக்க வேண்டும்.
உங்களுடையது குறைவு."
கொஞ்சம் தயங்கி,
"இன்றைக்கு அது நல்ல செய்தி" என்றார்.

அவள் சிரித்தாள்.
பல வருடமாக அவள் சம்பளத்தை யாரும் பாராட்டியதில்லை.

ஏழு என்றாள் உடனே.
பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

"கடந்த ஒரு வருடத்தில்
சொந்தக்காரர் யாருக்காவது கடன் திருப்பினீர்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.
கார்டுகாரன் அலறட்டும், தம்பிக்கு முதலில் என்று
நவம்பரில் செஸ்டருக்கு மூவாயிரம் கொடுத்திருந்தாள்.
செய்ததிலேயே ஒழுங்கான காரியம் அதுதான் என்று
தூக்கம் வராத இரவுகளில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏழு என்றால் டிரஸ்டி அதை அவரிடம் திருப்பிக் கேட்கலாம்.
கடிதம் போகும். கொடுக்காவிட்டால் வழக்கு.
பதின்மூன்று என்றால் அவரைத் தொட வேண்டியிராது,
அந்தத் தொகையும் சேர்த்து நீங்கள் கட்டுவீர்கள்.
எழுதாமல் விடலாமா என்று கேட்காதீர்கள்.
சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிற தாள் இது."

அவள் கேட்கத்தான் இருந்தாள்.

கீழே காரில் உட்கார்ந்து போன் போட்டாள்.
கண்ணாடியில் பனி, வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஓடியது.
சுற்றி வளைக்காமல் சொன்னாள்,
சொல்லி முடிக்கும்வரை செஸ்டர் மூச்சுவிடவில்லை.

"அந்தப் பணமா, லொர்ரி,"
பின்னால் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்,
"வாங்கின அன்றைக்கே என் கார்டுக்குக் கட்டிவிட்டேன்.
ஒரு மாதம் சும்மா இருந்தான். மறுபடி கூப்பிடுகிறான்."

அக்கா கடனை வாங்கி
தம்பி கடனில் போட்டு
இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிவிட்டதாக
ஒரு குளிர்காலம் முழுக்க நம்பியிருக்கிறார்கள்.

"உன் வக்கீல் நல்லவரா?" என்றான் அவன்.
"கடிதம் பிரிப்பார்" என்றாள் இவள்.
"நம்பர் கொடு."

திரும்பப் படியேறினாள்.
முட்டி வலித்தது. சர்க்கரை வாசனை அப்படியே இருந்தது.
பதின்மூன்று என்றாள் ஆய்லரிடம்.
அவர் காரணம் கேட்கவில்லை,
கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

முப்பத்தாறு மாதம்.
அவள் மனசுக்குள் வேறு கணக்கு:
இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்,
கடைசி ஸ்டாப்பில் ஏறும், பெல்ட் போடாத அந்தப் பையன்
பள்ளிக்கூடம் முடித்துப் போயிருப்பான்.
அதற்குள் அவனை ஒருநாளாவது
பெல்ட் போட வைக்க வேண்டும்.

இறங்கும்போது டோனட் ஒன்று வாங்கினாள்.
ரொக்கமாக.