என் பெயரின் இன்றைய விலை

பேரிமரத்து விடுதி.
நான்கு அறை, ஒரு வெந்நீர் அடுப்பு,
நாயுடுபுரத்திலிருந்து கீழே இறங்கினால் மூன்றாவது வளைவு.
பெயர் வைத்தது நான்.
பலகை எழுதியது வில்பட்டி இன்பராஜ்.
நகராட்சி ரசீதிலும் அதே பெயர்தான்.

கைபேசியில் அந்தப் பெயரை
ஓர் எழுத்து விடாமல் தட்டினாலும்
முதலில் வருவது நானில்லை.
எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் முன்பதிவுக் கம்பெனி,
பக்கத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்'.
அடுத்தது அதன் பங்காளி.
அதற்கும் அடுத்தது ஏரிக்கரையில் நாற்பது அறை ஓட்டல்.
நான் வருவதற்குள்
தேடுகிறவரின் கட்டைவிரல் அலுத்துப்போய்
வேறெங்கோ அறை போட்டிருக்கும்.

"உங்க பெயருக்கு நீங்களும் ஏலம் கேக்கலாம் மேடம்"
என்றது போனில் ஒரு நல்ல குரல்.
கேட்டேன்.
ஒரு தட்டுக்கு இருபத்தாறு ரூபாய்.
சீசனில் நாற்பத்தொன்று.
என்னைத் தேடுகிறவர் என்னிடம் வர
நான் கட்டுகிற சுங்கம்.

வழக்காம். அது ஏகபோகமா இல்லையா என்று
செய்தித்தாளில் அரைப்பக்கம்.
பெரியகுளத்துக்காரி நான்,
எனக்குத் தெரிந்த போகம் நெல்.
இருபோகம் தெரியும், மழை பெய்தால் முப்போகம்.
ஏகபோகம் என்றால்
விதைப்பு ஆயிரம் வயலில்,
கதிரடிப்பு ஒரே களத்தில் என்று
நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

தம்பி அமல்ராஜ் வக்கீல் குமாஸ்தா.
ஒத்துக்கொள்ளவில்லை.
"யாரு கட்டிப் போட்டா?
வேற பெட்டி நாலு இருக்கு.
இதுல நல்லா கிடைக்குதுன்னுதானே
எல்லாரும் இங்க வர்றான்?"

பொய்யில்லை.
பஸ் ஸ்டாண்டு புரோக்கர்கள் காலத்தை நான் மறக்கவில்லை.
இருநூறு ரூபாய் அறைக்கு எண்பது கமிஷன்.
கொடுக்காவிட்டால், "அங்க அட்டை கடிக்கும் சார்."
அவர்களிடமிருந்து என்னை மீட்டதே அந்தப் பெட்டிதான்.
முதல் வருஷம் நாசிக்கிலிருந்து
பறவை பார்க்கிற ஒருவர் வந்தார்.
பன்னிரண்டு நாள் தங்கினார்.
யாருக்கும் பத்துப் பைசா அழவில்லை.

ஆனால் இன்னாசி ஏமாற்றினால்
எதிர்ப்பக்கம் காஜா மைதீன் நிற்பான்.
திட்டினால் முகம் சுண்டும்.
டீ வாங்கிக் கொடுத்தால் இருபது குறையும்.
இதற்கு எந்தக் கடையில் டீ சொல்ல?

போன் கடை ரியாஸ்
வேறொரு பெட்டியை இறக்கிக் கொடுத்தான்.
தட்டினேன்.
பேரிமரத்து விடுதி, முதல் வரி!
என் படம், என் எண், எல்லாம் சரி.
சந்தோஷம் அரை நாள் இருந்தது.
வண்டி போகாத பாதையில்
பளபளவென்று என் பலகை.

மன்னவனூர் போகிற வழியில் சீகைமரக் காடு.
தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று
எப்போதோ நட்டது.
புல்லை யாரும் பிடுங்கவில்லை.
வேலி கிடையாது.
வரவேண்டுமென்றால் புல் வரலாம்.
வரவில்லை, அவ்வளவுதான்.
அமலிடம் இதைச் சொல்லலாம்,
கோர்ட்டில் மரம் சாட்சி சொல்லாது என்பான்.

நேற்று இரவு ஒன்பது மணி, கண்ணை மறைக்கும் பனி.
சேலத்துக் குடும்பம் ஒன்று கூப்பிட்டது.
"மேப் ஏரிக்குள்ள இறங்கச் சொல்லுதுங்க."
"அதைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க"
என்று டார்ச்சோடு போய் வளைவில் நின்றேன்.
மஞ்சளாய் இரண்டு வட்டம் மெல்ல ஏறி வந்தது.

வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:
"எங்க இடம் எப்படித் தெரிஞ்சுது?"
"தேடினோம். முதல்லயே வந்துச்சே."

நாற்பத்தொன்று.

பிள்ளை காலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது.
இன்னொரு கம்பளி எடுக்கப் போனேன்.