புள்ளடி

இரவு பதினொன்றரைக்கு
மூன்று பெட்டிகளின் சீல் உடைத்து
மேசையில் கவிழ்த்தோம்.
புங்குடுதீவுச் சீட்டும் வேலணைச் சீட்டும்
முகம் பாராமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.
கலக்கத்தான் வேண்டும்:
எந்த ஊர் யாருக்குப் போட்டதென்று
விடிந்தபின் யாரும் விரல் நீட்டக்கூடாதாம்.

கடுதாசிக்கு அது தெரியாது.
ஒரு பிடியில் கருவாட்டு வாசம்.
ஒரு பிடியில் புகையிலைக் கறை.
எட்டாய் மடித்த ஒன்று,
அடகுத் துண்டை மடிக்கிற கவனத்தோடு.
பல சீட்டுகளின் ஓரத்தில்
சின்னவிரல் மை காயமுதல் பட்ட ஊதாத் தீற்றல்.

"வாசிக்காதேங்கோ பிள்ளையள், எண்ணுங்கோ"
என்றார் பத்மசேகரம் சேர்.

குடை, குடை, அலுமாரி, குடை,
விசிறி, குடை.
முழங்கை நீளச் சீட்டு;
தேர்தலுக்குத் தேர்தல் அது வளருகிறது,
சின்னங்களுக்கு வீட்டுச் சாமான் போதாமல் போகிறது.
அடியில் ஒன்று முதல் ஒன்பது வரை
விருப்பிலக்கங்கள்.

மேலே குடைக்குப் புள்ளடி போட்டவர்கள்
கீழே வந்து
குடையின் தலைவரை, ஐந்தாம் இலக்கத்தை,
தாண்டிப் போயிருந்தார்கள்.
மழைக்கு ஒருவரின் குடைக்குள் நடந்துவிட்டு
வாசல் வந்ததும்
அவர் முகத்தைப் பாராமல் உள்ளே போவதுபோல.

எட்டு. எட்டு. இரண்டு. எட்டு.
எட்டு ஆரெண்டு ஜெசிந்தா காதுக்குள் கேட்டாள்.
போன மாரி வெள்ளத்துக்குள்
உழவு மெசினில் ஒரு பிள்ளைத்தாச்சியை
ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவளாம்.
சுவரொட்டிக்குக் காசில்லாமல்
கொப்பித்தாளில் இலக்கத்தை எழுதி
பஸ் தரிப்பில் கொடுத்தவளாம்.
எதிர்க் கதிரையில் ஐந்தின் முகவர் வரோதயன்
வாயில் போட்ட வெற்றிலையைச் சப்ப மறந்திருந்தார்.

அலுமாரிக்குப் போட்ட ஒருவர்
கீழே எந்த இலக்கத்தையும் தொடவில்லை.
கட்சி வேண்டும், ஆட்கள் வேண்டாம்.
அவரை எனக்குப் பிடித்தது.

மூன்று மணிக்கு நிராகரிக்க வேண்டியவை.
ஒருவர் எல்லாச் சின்னத்துக்கும் போட்டிருந்தார்,
கூட்டாத முற்றத்தில் கோழி நடந்ததுபோல.
ஒருவர் வெறுமையாய் மடித்துப் போட்டிருந்தார்;
அதற்காக வரிசையில் நின்று, வெயில் குடித்து.
ஒன்றின் பின்பக்கம்:
"பதினாலு பரப்பு. இன்னும் விடேல்லை."
பிறகு ஒன்று,
உருண்டையான எழுத்தில்
ஒரு பெடியனின் பெயர்.
அந்தப் பெயரில் இந்த மாவட்டத்தில்
எவரும் கேட்கவில்லை.

சேர் அதை மட்டும் வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
சட்டத்தில் சந்தேகமில்லை.
முத்திரையை எடுத்தார்,
குத்தினார்,
பெயரில் படாமல் ஓரத்தில்.

தேத்தண்ணி வந்தது. ஆடை கட்டியிருந்தது.

என்னுடைய வாக்கு தபாலில் போனது.
அந்நேரம் மேல்மாடியில்
ஆரோ அதை விரித்திருப்பார்கள்.
குடைக்கும் ஐந்துக்கும்.
கொப்பித்தாள் எனக்கும் கிடைத்ததுதான்.
தம்பியின் நியமனத்துக்குக் கடிதம் தருவதாய்
ஐந்து சொல்லியிருந்தார்.
இதை நான் ஜெசிந்தாவுக்குச் சொல்லவில்லை.

எங்கள் மேசையில் எட்டுக்கு அறுநூற்றுப் பதினொன்று,
ஐந்துக்கு நூற்றி எழுபது.
வேறு மேசைகளில் வேறு கணக்கு.
மாவட்டம் முழுக்கக் கூட்டியபோது
ஐந்துதான் வென்றார்;
வெளியே வெடி கொளுத்தினார்கள்,
காகங்கள் எழும்பின.

பள்ளிக்கூடத்துப் பைப்படியில் கை கழுவினேன்.
உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஊதா
ஆருடைய விரலிலிருந்து வந்ததோ,
தேய்த்தும் போகவில்லை.
அப்படியே ஸ்கூட்டியை எடுத்தேன்.
கடிதத்துக்குத் தம்பியை
எந்தக் கிழமை அனுப்பலாம் என்று
யோசித்துக்கொண்டே போனேன்.